நெற்றிப்பொட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டர்

சென்ற வாரம் கவிதா போனில் பேசினாள். மதுரையில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் இப்போது அவள்தான் மூத்த டெக்னீஷியன்.

"வசந்தாக்கா, இனிமே பொட்டு நரம்புக் கேஸுக்கெல்லாம் முதல்ல ஸ்கேன்தானாம். அதுல தெளிவாத் தெரிஞ்சா வெட்டவே வேண்டாம்னு சொல்லிட்டாக. நமக்குத் திசுத் துண்டே வராது போல" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "அப்ப நீங்க இத்தனை வருசமா வெட்டுனதெல்லாம் என்னக்கா?" என்றாள்.

எழுதி அனுப்புகிறேன் என்றேன். டைரிகளைப் பார்க்காமல் எனக்குப் பேச வராது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய நாள் வரை முப்பத்தொரு டைரிகள் பாளையம்பட்டி வீட்டு அலமாரியில் வருட வரிசையில் இருக்கின்றன. அன்றைக்கு வந்த துண்டுகள் எத்தனை, எத்தனை ஸ்லைடு போட்டேன், எது கெட்டது, யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நாளுக்கு ஒரு பக்கம்.

கவிதாவிடம் புதிதாய்ப் படிக்கிற பிள்ளைகளும் இதை வாசிக்கக்கூடும் என்பதால், அவள் சொன்ன கேஸ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்று பெயர். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது. தலைக்கும் கைக்கும் போகிற இரத்தக்குழாய்களின் சுவர் வீங்கிக்கொள்ளும். காதுக்கு முன்னால் இருக்கும் நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலிக்கும், தலை சீவ முடியாது, சாப்பிடும்போது தாடை பாதியில் ஓய்ந்துவிடும். கண்ணுக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டால் ஒரே நாளில் பார்வை போய்விடும். போனது திரும்பாது. கவனிக்காமல் விட்டால் சில நாளில் அடுத்த கண்ணும் போகலாம். அதைத் தடுக்க ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சந்தேகம் வந்த அன்றே ஆரம்பித்துவிட வேண்டும், பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்த மருந்தை மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், கிருமி எளிதில் தொற்றும். அதனால் நோய் அதுதானா என்பது உறுதியாக வேண்டும். நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற நோயில்லை என்பதால் டாக்டர்களுக்கே தயக்கம் இருந்தது.

உறுதி செய்ய அப்போது ஒரே வழிதான். நெற்றிப்பொட்டில் முடியை வழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் ஓடும் குழாயில் ஒரு துண்டு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள்.

நான் படித்தது இரண்டு வருட டிப்ளமா. அதில் கற்றது கொஞ்சம். மிச்சத்தைக் கற்றுக்கொண்டது காலை ஐந்தே முக்கால் பஸ்ஸில் ஏறிக் காரியாபட்டி வழியாக மதுரை போய்ச் சேர்ந்த முதல் மூன்று வருடங்களில்.

துண்டு, கெடாமல் இருக்கப் பார்மலின் திரவம் ஊற்றிய பாட்டிலில் வரும். பார்த்தால் நனைந்த சணல் நூல் மாதிரி இருக்கும். ஒரு சென்டிமீட்டராவது வேண்டும், அதற்கு மேல் இருந்தால் நல்லது. பார்மலினில் கொஞ்சம் சுருங்கும் என்பதால் வந்த உடனே அளந்து எழுதிவிடுவேன். அதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் வளையங்களாக நறுக்கி, ஒவ்வொரு வளையத்தையும் உருகிய மெழுகில் நிமிர்த்தி நிற்கவைக்க வேண்டும். மெழுகு இறுகுவதற்குள் சூடான இடுக்கியால் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி நிற்பேன். இறுகிய கட்டையை மைக்ரோடோமில் மாட்டிச் சீவினால், தலைமுடியை விட மெல்லிய ஏடு ரிப்பன் போல வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் இல்லாமல் ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் சுருக்கம் நீங்கி ஏடு விரிகிற நொடி எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

எங்கள் துறைத் தலைவர் டாக்டர் தெய்வநாயகம். குரலை உயர்த்தமாட்டார், பாராட்டவும் மாட்டார். ஸ்லைடு சரியாக வந்திருந்தால் தட்டிலேயே விட்டுவிடுவார். சரியில்லை என்றால் அதைக் கவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். முதல் வருடம் ஒரு வளையம் மெழுகில் சாய்ந்துவிட்டது. நான் கவனிக்காமல் சீவிவிட்டேன். குழாய் வட்டமாகத் தெரிவதற்குப் பதிலாக நீளவாக்கில் கிழிந்த மாதிரி வந்தது. அன்றைக்கு மேசையில் ஆறு ஸ்லைடுகள் கவிழ்ந்து கிடந்தன. கட்டையை உருக்கி, வளையத்தை மறுபடி நிமிர்த்தி, எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். மறுநாள் தட்டில் ஆறும் நேராக இருந்தன. டைரியில் "ஆறும் நேர்" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்லைடு பார்த்து முடிக்கும் வரை நோயாளியின் கேஸ் தாளைத் தொடமாட்டார். யாராவது நோயாளியைப் பற்றிப் பேச வந்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "கதையக் கேட்டுட்டுப் பாத்தா கண்ணு கதையத்தான் தேடும்" என்பார். பார்த்ததைப் பென்சிலில் எழுதிய பிறகுதான் தாளைப் பிரிப்பார். எங்கள் எல்லோருக்கும் அது சட்டமாகவே ஆகிவிட்டது.

இன்னொன்று, அவர் 'நோய் இல்லை' என்று எழுதமாட்டார். 'இந்தத் துண்டில் காணப்படவில்லை' என்றுதான் எழுதுவார். இந்த நோய் குழாய் முழுக்கப் பரவாமல் இடம் விட்டு இடம் உட்காரும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டினால் சுத்தமாகத் தெரியலாம். அதனால்தான் கட்டை தீரும் வரை "இன்னும் உள்ள போங்க" என்பார்.

பிறகு ஸ்கேன் வந்தது. பொட்டில் ஜெல்லைத் தடவி நுண்ணிய கருவியை வைத்தால், வீங்கிய சுவர் குழாயைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும். கத்தி வேண்டாம், தையல் வேண்டாம், அன்றே பதில். அதில் பழகிய டாக்டர் அருண் வாரத்தில் இரண்டு நாள் எங்கள் மருத்துவமனைக்கு வருவார். அந்த வளையத்துக்கு ஆயுள் குறைவு. ஸ்டீராய்டு உள்ளே போன சில நாளிலேயே மங்க ஆரம்பித்துவிடும். வெட்டி எடுத்த துண்டிலோ ஓரிரு வாரம் கழித்துக்கூட அடையாளம் இருக்கும். இதை வைத்து இரண்டு டாக்டர்களும் கேன்டீனில் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். "சார், நீங்க பதில் சொல்றதுக்குள்ள பேஷன்ட் ஊருக்குப் போயிருவாங்க" என்பார் டாக்டர் அருண். "உங்க பதில் ரெண்டு நாளுல அழிஞ்சுபோகுதே" என்பார் எங்கள் டாக்டர்.

இந்தச் சமயத்தில்தான் சீனியம்மாள் வந்தார்கள். எம்.ரெட்டியபட்டியில் பருத்தியும் கம்பும் போடுகிற குடும்பம், வயது அறுபத்தெட்டு. ஒரு மாதமாகத் தலைவலி. ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண் தெரியவில்லை. அருப்புக்கோட்டையில் காட்டி, அங்கிருந்து எங்களிடம் வர மூன்று நாளாகிவிட்டது. இடது கண் தெரிந்தது, ஆனால் அவ்வப்போது திரை விழுந்த மாதிரி மங்கி மங்கித் திரும்பியது. கண் டாக்டர் நிவேதா அன்றே ஸ்டீராய்டு டிரிப் போட்டுவிட்டார். டாக்டர் அருண் வரும் நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, வலப்பக்கப் பொட்டில் குழாயின் சுவர் லேசாகத் தடித்த மாதிரி இருக்கிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதினார். அதற்குள் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. நோய் அதுதான் என்று நிரூபணம் இல்லாமல் இவ்வளவு மருந்து தொடர முடியாது என்றார் பொது மருத்துவர். துண்டு எடுப்பதென்று முடிவானது. சீனியம்மாள் மறுத்துவிட்டார்கள்.

நான் வார்டுக்குப் போகிறவள் இல்லை. வார்டு சிஸ்டர்தான் கூப்பிட்டார். "ஒங்க ஊர்ப்பக்கத்து ஆளு வசந்தா. தலையில கத்தி படக் கூடாதுங்குறாக. நீங்க வந்து பேசிப் பாருங்க."

போனேன். வலப்பக்கம் நின்ற என்னை முதலில் தெரியவில்லை, முழுக்கத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்த ஊரு தாயி நீ?"

"பாளையம்பட்டி, பெரியம்மா."

"அட, ஒங்க ஊரத் தாண்டித்தான வந்தேன். ஒரு கண்ணால பாத்துக்கிட்டு வந்தேன்."

பக்கத்தில் கணவர் ராமசாமி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்து வந்தால் குலசாமிக்குத் தன் முடியை இறக்குவதாக சீனியம்மாள் நேர்ந்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு அடுத்த வருடம் வீட்டில் ஒரு சாவு, கோவிலுக்குப் போக முடியவில்லை. இந்த மாசிச் சிவராத்திரிக்குத்தான் போக வேண்டும். அதுவரை தலையில் கத்தரிகூடப் படக் கூடாது.

"மூணு விரல் அகலந்தானாம்ல. குடுத்துட்டுப் போ" என்றார் ராமசாமி.

"ஒங்க நெஞ்சுக்குத்தான நேந்தேன். நீங்க பேசாம இருங்க."

"கண்ணு போச்சுன்னா நான்ல கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத் திரியணும்."

"அம்பது வருசமா நான் பிடிச்சுக் கூட்டியாந்தேன். கொஞ்ச நாளைக்கு நீங்க பிடிங்க."

சாமிக்கு நேர்ந்த முடியைப் பற்றி ஆய்வுக்கூடத்துக்காரி என்ன தீர்ப்புச் சொல்வது? "பூசாரியக் கேட்டா என்ன?" என்றேன். ராமசாமிக்கு அது பிடித்துவிட்டது. அவர்கள் கோவில் பூசாரி கருப்பையா மற்ற நாள்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"ஏலே கருப்பையா, வண்டியில இருக்கியா?"

"ஆளு ஏத்திக்கிட்டு இருக்கேன். சொல்லு மாப்ள."

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் நின்றது.

"சாமி என்ன, டாக்டரோட சண்டைக்கா வரப்போகுது? வழிக்கச் சொல்லு. ஆனா அந்த முடி தரையில விழக் கூடாது. மஞ்சத் துணியில முடிஞ்சு வையி. செவராத்திரியன்னைக்கு மிச்சத்தோட சேத்து எறக்கிருவோம். நான் சொன்னேன்னு மதினிட்ட சொல்லு."

"மதினிக்குக் கேட்டுருச்சு" என்றார்கள் சீனியம்மாள். "நீ ஏறுன ஆளுகளப் பத்திரமாக் கொண்டு போய் எறக்கு."

சிஸ்டர் முடியை வழித்து வாங்க ஒரு தட்டு எடுத்து வந்தார். கொண்டையை அவிழ்க்கச் சொன்னபோது சீனியம்மாள் கையைத் தூக்கினார்கள். கை காது வரை போய்த் தளர்ந்து மடியில் விழுந்தது. ராமசாமிதான் அவிழ்த்துவிட்டார்.

"கை ஓஞ்சு போகுது தாயி. பருத்தி எடுக்கையிலயும் இப்படித்தான், ரெண்டு கையும் கடுத்துப்போகும். மெடிக்கல்ல சொன்னா நாலு மாத்திரைய மடிச்சுக் குடுப்பாக. போட்டா ரெண்டு நாளைக்குக் கை வேலை செய்யும். ஆடியில இருந்து அதத்தான் போடுறேன். டாக்டரம்மா கண்ணப் பத்தித்தான் கேட்டாக, நானும் அதத்தான் சொன்னேன்."

அன்று மாலை இதையெல்லாம் டைரியில் எழுதினேன். கை ஓய்வது, நாலு மாத்திரை, ஆடி மாதம். எதையும் விடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுநாள் அதே நோயாளியின் துண்டு எங்கள் மேசைக்கு வரப்போகிறது, ஸ்லைடு பார்க்கும் முன் கதை சொல்லக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது.

துண்டு பதினொரு மில்லிமீட்டர். நான்கு வளையம். நான்கையும் நிமிர்த்தி நிறுத்தினேன், ஒன்றுகூடச் சாயவில்லை. முதல் வரிசையில் ஒன்றும் இல்லை. "இன்னும் உள்ள போங்க." இரண்டாவது வரிசையிலும் இல்லை. உள்சுவரின் நெளிகோடு தெரியும் கறுப்புச் சாயம் போட்டேன், நோய் இருந்தால் அங்கங்கே அறுந்திருக்கும் அந்தக் கோடு முழுசாக இருந்தது. இப்படியே நான்கு நாள் போனது. நான்காம் நாள், "மெழுகு இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார். நகத்தின் கனம் என்றேன். அதையும் சீவச் சொன்னார். அதிலும் இல்லை. பென்சிலை எடுத்து வழக்கமான வரியை எழுதினார்.

அந்த வரியை வார்டில் நோய் இல்லை என்றே வாசித்தார்கள். மறுநாளிலிருந்து ஸ்டீராய்டைக் குறைப்பது என்று பொது மருத்துவர் சொல்லிவிட்டார். டாக்டர் நிவேதாவுக்கு மனமில்லை, ஆனால் கையில் காட்ட ஒன்றும் இல்லை. அன்று ஒரு காலைக்குள்ளேயே இடது கண் இரண்டு தடவை மங்கியதாக சிஸ்டர் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்லைடுக் கணக்கை முடிப்பதற்காக டைரியைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். காரியாபட்டியில் சந்தைக் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது நான் வார்டுக்குப் போன நாளின் பக்கம் வந்தது. என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், எல்லாம் இருந்தது. எழுதி ஏழு நாள் ஆகியிருந்தது. அங்கிருந்து மதுரை போய்ச் சேரும் வரை அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தெய்வநாயகம் வேறு ஸ்லைடில் இருந்தார். "சார், சீனியம்மாளப் பத்தி ஒண்ணு சொல்லணும்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். டைரியை அவர் முன்னால் விரித்து வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"ஏன் வசந்தாம்மா அன்னைக்கே சொல்லல?"

"ஸ்லைடு பாக்குறதுக்கு முன்னால உங்ககிட்டக் கதை சொல்லக் கூடாதுல்ல சார்."

"அது எனக்கு நான் போட்டுக்கிட்ட சட்டம்மா. வார்டு டாக்டருக்கு அது கிடையாது. நிவேதாகிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். ஸ்லைடைக் கவிழ்த்து வைப்பது போலத்தான் இதையும் சொன்னார், சத்தமே இல்லாமல்.

வார்டுக்குப் போய்க் கேட்டேன்; ராமசாமியின் பையில் இரண்டு பொட்டலம் மிச்சம் இருந்தது, வாங்கி வந்தேன். அதில் ஒரு குட்டி மாத்திரையை டாக்டர் தெய்வநாயகம் அடையாளம் கண்டார். ஸ்டீராய்டு. ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிருக்கிறது. நோயை அடக்கப் போதாது, பொட்டில் இருந்த அடையாளத்தை அழிக்க மட்டும் போதும்.

"கைக்குப் போற குழாய் பெருசு, அங்க அவ்வளவு சீக்கிரம் அடங்காது. அக்குளப் பாக்கணும்" என்று எழுந்தார். போன் செய்வார் என்று நினைத்தேன். படியிறங்கி ஸ்கேன் அறைக்கு அவரே போனார். நான் பின்னால் போனேன்.

டாக்டர் அருண் அன்று வந்திருந்தார். "என்ன சார், வழி தவறி வந்துட்டீங்களா?" என்றார்.

"கத்தியில கிடைக்கலப்பா. உங்க மெஷினக் கேக்கலாம்னு வந்தேன்."

அதன்பின் அங்கே யாரும் கேலி பேசவில்லை. சீனியம்மாளைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். கையைத் தலைக்கு மேல் வைத்துப் பிடிக்க முடியாததால் சிஸ்டர் தாங்கிக்கொண்டார். நான் கதவருகே நின்றேன். திரையில் குழாய் தெரிந்தது, அதன் இரண்டு கரையிலும் தடித்த கறுப்புப் பட்டை. அடுத்த அக்குளிலும் அதே மாதிரி. டாக்டர் அருண் அளந்து அளந்து எண்ணைச் சொல்ல, டாக்டர் தெய்வநாயகம் தன் பென்சிலால் எழுதிக்கொண்டார். நோய் அதுதான் என்று உறுதியானதால் மருந்தைக் குறைக்கவில்லை. சர்க்கரைக்கு இன்சுலினைக் கூட்டினார்கள். நான்காம் நாளோடு இடது கண் மங்குவது நின்றது.

கவிதா, ஸ்கேனை முதலில் வைத்தது சரிதான். அன்று முதல் நாளே அக்குளையும் சேர்த்துப் பார்த்திருந்தால் சீனியம்மாளுக்குத் தையலே தேவைப்பட்டிருக்காது. ஆனால் பழகிய கை இல்லாத ஊரிலும், ஸ்கேன் இரண்டுங்கெட்டான் பதில் சொல்கிற நாளிலும் துண்டு வரும். அது எப்போதாவது வருவது என்பதால்தான் வளையத்தை நிமிர்த்திப் பிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு. வார்டில் ஏதாவது காதில் விழுந்தால் அன்றைக்கே கேஸ் தாளில் ஏற்றச் சொல். டைரியில் வேண்டாம்.

சித்திரையில் மறுபரிசோதனைக்கு வந்த சீனியம்மாள் எங்கள் கூடத்தை விசாரித்து மாடியேறி வந்தார்கள். மொட்டையடித்த தலையில் நரைமுடி அரை விரல் வளர்ந்திருந்தது. "எம் பொட்டுல எடுத்தத இங்கதான் வச்சிருக்கீகளாம். பாக்கணும்" என்றார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் எழுந்து தன் நாற்காலியில் அவர்களை உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்து அதுவரை நான் பார்த்ததில்லை. நுண்ணோக்கியில் ஸ்லைடை வைத்து வெளிச்சத்தைச் சரி செய்தார். சீனியம்மாள் வலது கண்ணைக் கொண்டுபோய், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தலையை நகர்த்தி இடது கண்ணை வைத்தார்கள். வெகுநேரம் பார்த்தார்கள்.

"ரோஸ் கலருல வளவி மாதிரி இருக்கு."

"ஆமாம்மா" என்றார் டாக்டர்.

"ஓரத்துல சின்னதா ஒரு மடிப்பு இருக்கே, அது என்ன?"

டாக்டர் குனிந்து பக்கவாட்டில் இருந்த இன்னொரு கண்குழலில் பார்த்தார். அது நான் தண்ணீரிலிருந்து ஏந்தும்போது விழுந்த சுருக்கம். மயிரிழை கனம்கூட இருக்காது.




"அதுவும் தெரியுதா?" என்றார்.